மூர்த்திக்கு நல்லது

நல்லது செய்கிறேன் என்று யாராவது கிளம்பி வந்தால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் கதவைச் சாத்தத் தோன்றுகிறது. கெட்டது செய்கிறவனை நடுத்தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்டுவிடலாம். நான் மீன்காரி, அதற்கெல்லாம் வாய் வாடகைக்கு வாங்க வேண்டியதில்லை. நல்லது செய்கிறவர்களை என்ன கேட்பது? அவர்கள் கண் கலங்க நிற்பார்கள். கேட்டவள்தான் ராட்சசி ஆவாள்.

அது கார்த்திகை மாதம். ஒரு புயல் கரையைக் கடந்த ஈரம் காய்வதற்குள் அடுத்த காற்றழுத்தம், அது நகர்ந்தால் இன்னொன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற எங்கள் குப்பத்தில் போட்டெல்லாம் மணலைத் தாண்டி தெருவுக்கே ஏறி வந்து, வீட்டு வாசல்களில் மாடு மாதிரி கட்டிக் கிடந்தன. கடலுக்குப் போகாதே என்று தினமும் காலையில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போவார்கள். கூடையில் வைக்க மீன் இல்லாமல் நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என்னால் உட்கார முடியாது. கை சும்மா இருந்தால் எனக்கு யார்மேலாவது எரிச்சல் வரும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் பையை எடுத்தபோது, என் வீட்டுக்காரர் மூர்த்தி சட்டையைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்துரு. பஸ்ஸு பூடும்."

"நான் வரல."

"இன்னிக்கா?"

"இனிமேவே வரல, அமிர்தா."

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டுக்கு பஸ். அங்கே ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்கப் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். அதற்காக இடது முழங்கைக்குக் கீழே ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்து நிற்கும். உள்ளங்கையை வைத்தால் உள்ளே உர்ரென்று ஓடுவது தெரியும், போட் இன்ஜினை நிறுத்தாமல் விட்ட மாதிரி. ராத்திரியில் அதன்மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். அது ஓடினால் அவர் இருக்கிறார்.

"மூணு நாளு மிஷினு. மூணு நாளு மிஷினு போட்ட அசதி. மிச்சம் ஒரு நாளு, நாளைக்கு மிஷினுக்குப் போவணுமேன்னு குந்திகினு இருக்கறது. இதுல நான் எப்ப உயிரோட கீறேன், நீயே சொல்லு" என்றார்.

"எனுக்காக இரேன்யா."

"உனுக்காகத்தான் இத்தினி நாளா இருந்தேன்."

கைக்குக் கிடைத்த டம்ளரை எறிந்தேன். அவர்மேல் படாமல்தான். அது சுவரில் பட்டு உருண்டு அவர் காலடிக்கே போனது. அவர் அதை எடுத்து, குடத்தில் மொண்டு, நிறைய ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நாள் முழுக்கவே அதற்குமேல் குடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மனுஷர் இன்னொரு டம்ளர் மொண்டு அதையும் குடித்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஆத்திரம் மட்டும் அப்படியே இருந்தது.

புதன்கிழமையும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஷீலா போன் மேல் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் நேராகவே வந்துவிட்டாள்.

ஷீலா மிஷின் அறையில் நர்ஸ். மறைமலைநகர்க்காரி. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நடப்பதைப் பார்த்தால் எங்கேயோ தீப்பிடித்த மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரருக்கென்று தன் டிபனில் உப்புப் போடாத கிச்சடி கொண்டுவந்து ஊட்டியவள். இதையும் சொல்ல வேண்டும். அவள் நல்லவள். அதுதான் சிக்கல்.

"இத்தனை மாசம் கஷ்டப்பட்டு இப்ப விட்டா எப்படிண்ணா? நீங்க நல்லா இருக்கணும்னுதானே நாங்க எல்லாரும் பாடுபடறோம்" என்றாள்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "நாஸ்தா துன்னியாம்மா? மழையில வந்துகீற" என்றார்.

அரை மணி நேரம் பேசிப் பார்த்தாள். அவர் கடலைவிட்டுத் திரும்பவே இல்லை. ஷீலா விறுவிறுவென்று வெளியே நடந்தாள். ஸ்கூட்டிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக ஏலக்கூடத்துக்குப் போனாள். கடல் மூடிய நாளிலிருந்து ஆம்பிளைகள் எல்லாம் அங்கேதான் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்கல்லாம் சொன்னாதான் அவர் கேப்பார். மிஷின் போடலைன்னா பத்து நாள் தாண்டாதுங்க. எந்த நாள்னு சொல்ல முடியாது. இன்னிக்கும் ஆகலாம், அடுத்த வாரமும் ஆகலாம். ஊரே சேர்ந்து ஒரு உசுரைக் காப்பாத்துங்க."

சீட்டுகள் கீழே இறங்கின. என் தம்பி சுதாகர், என் வீட்டுக்காரரோடு ஒரே போட்டில் தொழில் செய்தவன், தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்தீங்களாக்கா, எல்லாரும் எவ்ளோ வருத்தப்படறாங்க" என்று ஷீலா என்னிடம் கிசுகிசுத்தாள்.

வருத்தம்தான். அதில் பொய்யில்லை. ஆனால் அந்த முகங்களில் இன்னொன்றும் இருந்தது. மறைமலைநகர்க்காரிக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒரு போட்டும் இறங்காது. அடக்கம் முடிந்து, மறுநாள் பால் தெளித்து, அதற்குப் பிறகுதான் கடல். முன்பே கடலுக்குப் போய்விட்டவனுக்குக் குற்றமில்லை. கரையில் இருப்பவன் காலை நனைக்கக் கூடாது. இந்த மழைக்காலத்தில் கடல் திறந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். புயலுக்குப் பின் இறால் கரையோரம் வரும். எல்லா வீட்டு அடுப்பும் அந்த ஒரு நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாளில் மூர்த்தி செத்தால்?

ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஊர்ப் பெரியவர் சுப்பிரமணி நாலு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய குரலில் பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"மூர்த்தி, ஊரே சொல்லுது. போய்ட்டு வாப்பா. பஸ்ஸுல வாணாம். ஏசுபாதத்து ஆட்டோவ சொல்லிக்கீறோம், கொண்டு போய் கொண்டாந்து வுடுவான். உன் நல்லதுக்குதான்."

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். பிறகு மற்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் கால் மாற்றி நின்றார்கள்.

"செரிண்ணாத்த. போறேன்" என்றார்.

அவர்கள் போனபிறகு என்னிடம் சொன்னார். "எங்கப்பன் செத்தன்னிக்கி கடல்ல மத்தி பொங்கிச்சு. கரையிலேர்ந்தே தெரிஞ்சுது. ஊரே நின்னு பாத்துகினு இருந்துச்சு. ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லல. ஆனா நான் அந்த மூஞ்சிங்கள மறக்கல, அமிர்தா. எங்கப்பன நெனச்சா அவரு மூஞ்சிக்கு முன்ன அந்த மூஞ்சிங்கதான் வருது."

சனிக்கிழமை மிஷினுக்குப் போனோம். ஷீலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊசிகளைக் குத்தி மிஷினை ஓடவிட்டு, வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாக்கா, ஊர் சொன்னதும் கேட்டுட்டார்."

அவ்வளவுதான். என் வாய் திறந்துகொண்டது.

"ஊரு சொல்லல, நீ சொல்ல வெச்ச. அவுரு உன்னாண்ட படுத்துகினு இருக்கறது உயிரு மேல ஆசப்பட்டு இல்ல. தெரிஞ்சுக்கோ. கடலு தொறக்கற அன்னிக்கி செத்துட்டா போட்டு எறங்காது, அதுக்குப் பயந்துகினு வந்துகீறாரு. தெருவுல எவன் எதிர வந்தாலும் இன்னிக்கா நாளைக்கான்னு அவுரு மூஞ்சியப் பாக்கறான். நிம்மதியா சாவறேன்னு குந்திகினு இருந்த மனுசன, சாவறதுக்கும் பயப்பட வெச்சிட்டியே."

ஷீலா முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றாள்.

"நான் நல்லதுக்குத்தானேக்கா செஞ்சேன்."

"எல்லாரும் அவுருக்கு நல்லதுதான் செய்யறீங்க. ஒருத்தராச்சும் அவுர கேட்டீங்களா?"

சொல்லிவிட்டேனே தவிர, சுருக்கென்றது. நானும்தான் கேட்கவில்லை. டம்ளரைத்தான் எறிந்தேன்.

ஷீலா உள்ளே போனாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, உங்களுக்கு என்ன வேணும்?"

வேறு யாரையோ கேட்கிறாளோ என்று அவர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவரைத்தான் என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலு தொறக்கற வரைக்கும் என்ன ஓட்டும்மா. போட்டுங்க எறங்கட்டும். அப்புறம் என்ன வுட்டுடு. நெஞ்சுல குத்தறது, தொண்டையில கொழா வுடறது, அதெல்லாம் வாணாம்."

"வேற?"

"போட்டுங்க எறங்கறத கரையில குந்திகினு பாக்கணும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. அவர் கேட்டதில் நான் எங்கேயும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள், எனக்கு வலித்தது. வலித்தது என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். "நீதான் கூடவே இருக்கியேம்மே, உன்ன எதுக்குத் தனியா கேக்கணும்?" என்றார். அதற்கு மேல் என்ன சண்டை போட முடியும்?

ஷீலா டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் என் வீட்டுக்காரரிடமே எல்லாவற்றையும் திரும்பக் கேட்டார். மிஷினை நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் மறைக்காமல் சொன்னார். மூர்த்தி தலையாட்டினார். சரி, அவர் சொன்னபடியே செய்யலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். மழை விட்டபாடில்லை. ஒவ்வொரு தடவையும் ஏசுபாதத்தின் ஆட்டோவில் வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு போவோம். ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் கொஞ்சம் இளைத்து வருவார். மிஷின் ஓடும்போது பாதியிலேயே அவருக்கு ரத்த அழுத்தம் விழ ஆரம்பித்தது. கண் விழித்தால் முதல் கேள்வி, "காத்து எப்பிடி கீது?" கடல் திறக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதா, திறக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதா? திறந்தால் அடுப்பு எரியும், இவர் போய்விடுவார். நான் கன்னியம்மன் முன்னால் நின்று எதையும் கேட்காமல் திரும்பி வந்தேன்.

திறந்தது ஒரு வியாழக்கிழமை. நாங்கள் மிஷின் அறையில் இருந்தோம். சுதாகர் போன் செய்தான். நான் அவர் காதில் வைத்தேன்.

"மாமா, போலாம்னு சொல்ட்டாங்க. மதியத்துக்கு மேல எறக்கறோம். நாளன்னிக்கி மறுபடியும் மூடிடுவாங்களாம், அடுத்த காத்து வந்துகினு கீதாம். நீ வந்துடு. நீதான் நம்ப போட்ட தொட்டு வுடணும்."

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. ஷீலாவைப் பார்த்து, "கழட்டும்மா, போதும்" என்றார்.

அவள் மிஷினை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் நேரம் பாக்கி இருந்தது. கழற்றினாள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, பிரஷர் பார்க்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, "நானும் கரை வரைக்கும் வர்றேன்" என்று ஆட்டோவில் ஏறினாள். அவர் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும்.

ஏசுபாதம் பக்கத்துக் குப்பத்துக்காரர். ஆனால் எங்கள் குப்பத்து விஷயம் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்த மறு நிமிஷம் ஊருக்குத் தெரியும். அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். வயலெல்லாம் தண்ணீர். திருக்கழுக்குன்றம் தாண்டியது. என் உள்ளங்கை வழக்கம்போல என் வீட்டுக்காரரின் இடது கைப் புடைப்பின்மேல் இருந்தது.

"காத்து எப்பிடி கீது?"

"மெல்லிசாதான் கீதுய்யா. போட்டெல்லாம் எறங்கும்."

"ம்" என்று என் தோளில் சாய்ந்தார்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். என் கைக்கு அடியில் அந்த ஓட்டம் நின்றுவிட்டது. ஆட்டோ அதிர்வில் ஏமாந்துவிட்டேனோ என்று அழுத்திப் பார்த்தேன். இல்லை, நின்றுவிட்டது. ஷீலா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கழுத்தில் விரலை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அவள் கண் நிறைந்தது.

என் வயிற்றிலிருந்து அலறல் கிளம்பித் தொண்டைக்கு வந்தது. எங்களில் புருஷன் செத்தால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற வழக்கமில்லை; ஏழு வீட்டுக்குக் கேட்க வேண்டும். முன்னால் ஏசுபாதம் இறாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போட்டுகள் இன்னும் கரையில் நின்றன. ஏசுபாதத்துக்குத் தெரிந்தால் ஊருக்கு ஒரு போன், அவ்வளவுதான். நான் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தேன்.

ஷீலா குனிந்து, இன்ஜின் சத்தத்துக்குக் கீழே, என் காதில் கேட்டாள். "அக்கா, நான் என்ன பண்ணட்டும்? நீங்க சொல்லுங்க."

"அவுரு இன்னா கேட்டாரோ, அத்த பண்ணு."

ஒரு மூச்சு இழுத்துவிட்டு ஷீலா நிமிர்ந்தாள். அவள் குரல் ஆஸ்பத்திரிக் குரல் ஆயிற்று. "அண்ணா, ஓரமா நிறுத்துங்க. பிரஷர் கொறையுது. அசைக்காம கொஞ்ச நேரம் இருக்கணும்."

சவுக்குத் தோப்போரம் ஆட்டோ நின்றது. ஷீலா பிரஷர் பட்டையை எடுத்து அவருடைய வலது கையில் சுற்றினாள். பலூனை அழுத்தி அழுத்திக் காற்றடித்தாள். முள் ஏறியது, இறங்கியது. மறுபடியும் அடித்தாள். செத்த கையில் அப்படி மும்முரமாக வைத்தியம் பார்த்ததை வேறு யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். நான் அவர் தலையை என் தோளில் தாங்கி, தூங்குகிறவருக்குச் செய்வதுபோல் போர்வையை இழுத்துவிட்டேன்.

"எப்பிடி கீது?" என்று ஏசுபாதம் திரும்பினார்.

"தூங்கறார். எழுப்பிடாதீங்க. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணா" என்றாள் ஷீலா.

ஏசுபாதம் டீக்கடைப் பக்கம் போனதும் சுதாகர் போனில் கூப்பிட்டான். பின்னால் டிராக்டர் சத்தம், ஆட்கள் கத்துகிற சத்தம். "எங்கக்கா கீறீங்க? போட்ட தண்ணிகிட்ட கொண்டாந்தாச்சு. எல்லாம் போவுது. மாமா வந்து தொடட்டும்னு நிக்கறேன்."

"ஊசி போட்டு தூங்கறாருடா." என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "உன்ன நிக்க வாணாம்னு சொன்னாரு. போட்டு எறங்கட்டும்னுதான் சொன்னாரு. நீ போ."

"நெசமா சொன்னாரா?"

"நெசமாதான்டா. போ."

அதில் பொய் எது, நிஜம் எது என்று பிரிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஏசுபாதம் டீ குடித்துவிட்டு வந்தார், பீடி பிடித்தார், போட்டு போகிற நேரத்தில் இப்படி மாட்டிக்கொண்டோமே என்று சலித்துக்கொண்டார். ஷீலா திரும்பத் திரும்பக் காற்றடித்தாள். நான் சுதாகர் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் அவன் எடுப்பதற்குள் வைத்துவிடுவேன். கடைசியில் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் வந்தது. போட்டு கடலுக்குள் போய்விட்டது. ஷீலாவைப் பார்த்தேன். அவள் பட்டையைக் கழற்றினாள்.

"இப்ப எடுங்கண்ணா" என்றாள்.

தெருவில் ஒரு போட்டும் இல்லை. அத்தனை நாள் அடைந்து கிடந்த வாசல்கள் திறந்து கிடந்தன. மணலில் டிராக்டர் டயர் தடம் தண்ணீர்வரைக்கும் போயிருந்தது. ஆட்டோவைக் கடலைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். தூரத்தில், அலைக்கு அந்தப் பக்கம், எங்கள் போட்டுகள் கடுகு கடுகாகத் தெரிந்தன. அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன்.

என் சத்தத்துக்குப் பொம்பளைகள் எல்லாம் ஓடிவந்தார்கள். சுப்பிரமணியும் வந்தார். வயதாகிவிட்டதால் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்த ஆம்பிளை அவர் ஒருவர்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆட்டோவுக்குள் குனிந்து என் வீட்டுக்காரர் பாதங்களைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. பாதம் எப்போதோ சில்லிட்டுவிட்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஷீலாவின் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"எப்ப போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

ஏசுபாதம் வாயைத் திறந்தார். சுப்பிரமணி அவர் தோளில் கையை வைத்தார்.

"இப்பதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற பழைய பெரிய குரலில். "போட்டெல்லாம் போனப்புறம்தான்."